தட்டைப் பிரிக்காதீர், மருந்தை நிறுத்தாதீர்

 

சென்னையிலிருந்து திருச்சிக்குச் செல்லும் நெடுஞ்சாலையினின்று கும்பகோணம், தஞ்சைச் சாலை பிரிந்து செல்லும் ஊர் விக்கிரவாண்டி. அவ்வூரிலோ அதனைச் சூழ்ந்த சிற்றூர்களிலோ உள்ள ஓர் இல்லத்தை மனக்கண்முன் கொண்டுவாருங்கள். மூன்று வாரங்களாக இருமிக்கொண்டிருந்த மருமகளை, அருகிலுள்ள முண்டியம்பாக்கம் அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனைக்கு அழைத்துச் செல்கின்றனர். சளியைப் பரிசோதித்த மருத்துவர், காசநோய் என்று கூறி மருந்து கொடுத்து அனுப்புகிறார். அன்று மாலையே அவளுக்கென ஒரு தட்டும் ஒரு குவளையும் தனியே எடுத்து வைக்கப்படுகின்றன. கைக்குழந்தை அவள் மடியிலிருந்து அகற்றப்படுகிறது. இரண்டு நாள் கழிந்ததும், "குணமான பிறகு வரட்டும்" என்று அவள் தாய்வீட்டிற்கு அனுப்பப்படுகிறாள். சில இல்லங்களில், "கல்யாணத்திற்கு முன்பே இருந்த நோயை மறைத்துவிட்டார்கள்" என்ற பழிச்சொல்லும் அவளோடு செல்கிறது.

இஃது ஒரு குடும்பத்தின் கதையன்று. நம் மஹல்லாக்கள் பலவற்றிலும் நடப்பதுதான். இவ்வாறு செய்பவர்கள் கல்நெஞ்சர்களும் அல்லர். பேரப்பிள்ளைகளைக் காக்க வேண்டுமே என்னும் அச்சமே அவர்களை இவ்வாறு செய்யத் தூண்டுகிறது. அந்த அச்சத்திற்கு ஆதாரம் உண்டா? இந்தக் கேள்விக்கு விடை காண நாம் வெளிநாடு எங்கும் செல்ல வேண்டியதில்லை. நம் சென்னை மாநகரிலேயே, எளிய மக்களின் இல்லங்களிலேயே விடை காணப்பட்டுவிட்டது.

ஒருவர் அனுபவம் சான்றாகுமா?

மருத்துவச் செய்தி எதுவாயினும் நம்மை முதலில் வந்தடைவது ஒருவருடைய அனுபவமாகத்தான். "என் மாமாவுக்கு இந்தக் கஷாயத்திலேயே குணமாயிற்று" என்பார் ஒருவர். அவர் பொய் சொல்லவில்லை. ஆனால் அந்த மாமாவுக்கு வந்தது இதே நோய்தானா? கஷாயம் அருந்தாமல் இருந்திருந்தாலும் குணமாகியிருக்குமா? இதே கஷாயத்தை அருந்தியும் குணமாகாதவர் எத்தனை பேர்? இவற்றிற்கு அவரிடம் விடை இராது.

இந்தச் சிக்கலை ஆயிரத்து நூறு ஆண்டுகளுக்கு முன்பே உணர்ந்தவர் பக்தாதில் மருத்துவம் புரிந்த பேரறிஞர் அல்-ராஸீ. மூளைக்காய்ச்சலின் அறிகுறி கண்ட நோயாளிகளில் ஒரு சாராருக்கு இரத்தம் வெளியேற்றும் சிகிச்சையைச் செய்து, மற்றொரு சாராருக்கு அதனைச் செய்யாது விட்டு, இரு சாராரையும் ஒப்பிட்டுப் பார்த்ததாக அவருடைய 'அல்-ஹாவீ' என்னும் பெருநூலில் குறிப்பு உள்ளது. ஒப்பிட்டுப் பார்த்த பின்னரே முடிவுக்கு வர வேண்டும் என்னும் அவரது எண்ணம் போற்றற்குரியது.

ஆயினும், இரத்தம் வெளியேற்றுவது பயன் தருகிறது என்று அவர் கண்ட முடிவை இன்றைய மருத்துவம் ஏற்பதில்லை. தவறு எங்கே நேர்ந்திருக்கக் கூடும்? யாருக்குச் சிகிச்சை, யாருக்கு இல்லை என்பதை மருத்துவரே தீர்மானித்தால், தம்மை அறியாமலேயே உடல்வலிவு மிக்கவர்களை ஒரு பக்கம் சேர்த்துவிட இடமுண்டு. அப்போது வென்றது சிகிச்சையா, உடல்வலிவா என்று பிரித்தறிய இயலாது. ஆகவேதான் பிற்காலத்தில், சீட்டுக் குலுக்கிப் போடுவதுபோல் நோயாளிகளை இரு பிரிவாகப் பிரிக்கும் முறை ஏற்பட்டது. சீட்டுக்கு ஏழை, பணக்காரர் தெரியாது. வலியவர், மெலியவர் தெரியாது. ஆதலின் இரு பிரிவும் ஏறத்தாழ ஒத்தவையாக அமைகின்றன.

சென்னையில் நடந்த சோதனை

1950களில் காசநோய் என்றாலே சானடோரியம் என்பதே வழக்கு. நல்ல காற்று, முழு ஓய்வு, பால், முட்டை, இறைச்சி, வீட்டாரைப் பிரிந்து மாதக்கணக்கில் வாசம் என்பனவே சிகிச்சை எனக் கருதப்பட்டன. தாம்பரம் சானடோரியம் என்னும் இரயில் நிலையப் பெயர் இன்றும் அக்காலத்தை நினைவூட்டி நிற்கிறது. ஆனால் நம் நாட்டிலிருந்த நோயாளிகளின் தொகைக்கு அங்கிருந்த படுக்கைகள் ஒரு சிறு பங்கிற்கும் போதவில்லை. இடம் கிடைக்காத ஏழைகளின் கதி என்ன?

இதற்கு விடை காண 1956ஆம் ஆண்டு சென்னையில் காசநோய் மருந்துச் சிகிச்சை ஆய்வு மையம் தொடங்கப்பட்டது. இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகம், சென்னை மாநில அரசு, உலக சுகாதார நிறுவனம், பிரிட்டனின் மருத்துவ ஆராய்ச்சிக் கழகம் ஆகிய நான்கும் இதில் கைகோத்தன. டாக்டர் வாலஸ் ஃபாக்ஸ் தலைமை ஏற்றார். சென்னையின் ஏழைக் குடும்பங்களைச் சேர்ந்த, இருநூறுக்குச் சற்றுக் குறைந்த நோயாளிகள் சீட்டு முறைப்படி இரு பிரிவாக்கப்பட்டனர். இரு பிரிவினருக்கும் ஓராண்டுக்கு ஒரே மருந்துகள் கொடுக்கப்பட்டன. ஒரு பிரிவினர் சானடோரியத்தில் ஓய்வும் ஊட்டமான உணவும் பெற்றனர். மற்றவர்கள் நெரிசல் மிகுந்த தம் வீடுகளிலேயே, கிடைத்த கஞ்சியையும் குழம்பையும் உண்டு, இயன்ற வேலையையும் பார்த்துக்கொண்டு மருந்தை உட்கொண்டனர்.

முடிவு 1959இல் வெளியாயிற்று. ஓராண்டு முடிவில் நோய் அடங்கியவர்கள் சானடோரியத்தில் நூற்றுக்கு 92 பேர். வீட்டில் நூற்றுக்கு 86 பேர். "ஆறு பேர் வேறுபாடு இருக்கிறதே!" என்று நீங்கள் கேட்கலாம். சரியான கேள்விதான். நூற்றுக்கும் குறைவான பேர் கொண்ட ஒரு பிரிவில், நான்கைந்து பேரின் நிலை மாறினாலே இத்தகைய வேறுபாடு தற்செயலாகத் தோன்றிவிடும். அதனால் ஆய்வாளர்கள் அவசரப்படவில்லை; அதே நோயாளிகளை ஐந்தாண்டுகள் பின்தொடர்ந்தனர். ஐந்தாம் ஆண்டு முடிவில் இரு பிரிவிலும் ஏறத்தாழப் பத்தில் ஒன்பது பேர் நோய் அடங்கிய நிலையில் இருந்தனர். குணப்படுத்தியது கட்டிலும் காற்றும் அன்று. இடைவிடாது உட்கொண்ட மருந்தே என்பது விளங்கிற்று.

நமக்கு மிகவும் தேவையான செய்தி இனிமேல்தான் வருகிறது. அந்நோயாளிகளுடன் வாழ்ந்த மனைவி, கணவன், பிள்ளைகள் ஆகியோரையும் ஐந்தாண்டுகள் பரிசோதித்து வந்தனர். நோயாளியை ஓராண்டு சானடோரியத்திற்குப் பிரித்து அனுப்பிய குடும்பங்களையும், வீட்டிலேயே வைத்திருந்த குடும்பங்களையும் ஒப்பிட்டனர். நோயாளியை வீட்டில் வைத்து மருந்து கொடுத்ததால் குடும்பத்தாருக்குக் கூடுதலாக நோய் தொற்றியதாகத் தெரியவில்லை. குடும்பத்தாருக்கு ஆபத்து பெரும்பாலும் நேர்ந்தது, நோய் இன்னதென்று அறியப்படாமல் இருமிக்கொண்டிருந்த நாள்களிலேதான்.

இச்சோதனைக்குப் பின் உலகெங்கும் காசநோய்ச் சிகிச்சை மருத்துவமனையிலிருந்து வீட்டுக்கு வந்தது. அம்மையம் இன்று காசநோய் ஆராய்ச்சிக்கான தேசிய நிறுவனம் என்னும் பெயரில் சேத்துப்பட்டில் இயங்கி வருகிறது.

இப்போது விக்கிரவாண்டி இல்லத்திற்குத் திரும்புவோம். காசநோய்க் கிருமி இருமும்போதும் தும்மும்போதும் காற்றின் வழியே பரவுகிறது. தட்டு, குவளை, ஆடை ஆகியவற்றின் வழியே பரவுவதில்லை. தாய்ப்பாலின் வழியேயும் பரவுவதில்லை. பொருத்தமான மருந்தைத் தொடங்கிய சில வாரங்களிலேயே தொற்றும் தன்மை பெரிதும் குறைந்துவிடுகிறது. எனவே தட்டைப் பிரிப்பதால் குழந்தைக்குக் காப்பில்லை. தாயின் உள்ளம் உடைவது ஒன்றே மிச்சம். தாய்வீட்டுக்கு அனுப்பியதால் மருந்து இடையில் நின்றுபோனால், அங்கிருந்தே பெருந்தீங்கு தொடங்குகிறது.

உணவு வேண்டாமா?

"அப்படியானால் சத்துணவு தேவையில்லையோ?" என்று எண்ணிவிடாதீர்கள். உணவு மருந்துக்கு ஈடாகாது என்பதே சென்னைச் சோதனை சொன்னது. உணவே வேண்டாம் என்று அது கூறவில்லை. ஜார்க்கண்ட் மாநிலத்தில் 2019 முதல் 2022 வரை நடந்த மற்றோர் ஆய்வு இதனைத் தெளிவாக்கிற்று. நோயாளிகள் அனைவருக்கும் உணவுப் பொருள்கள் தரப்பட்டன. அவர்களின் குடும்பத்தார் பத்தாயிரத்துக்கும் மேற்பட்டோரில், சீட்டு முறையில் தேர்ந்த பகுதிகளில் இருந்தோருக்கு மட்டும் மாதந்தோறும் அரிசி, பருப்பு முதலியன கூடுதலாக அளிக்கப்பட்டன. 2023இல் வெளியான முடிவின்படி, உணவு பெற்ற குடும்பத்தாரிடையே புதிதாகக் காசநோய் வருவது நூற்றுக்கு 39 பங்கு குறைந்தது. நோயாளியைக் குணப்படுத்துவது மருந்து. வீட்டாருக்கு நோய் வராமல் தடுப்பதில் வயிறார உண்ணும் உணவுக்குப் பெரும்பங்கு உண்டு. இரு ஆய்வுகளும் ஒன்றையொன்று மறுக்கவில்லை. வெவ்வேறு கேள்விகளுக்கு அவை விடை சொல்லின.

இதனால்தான் அரசும் காசநோயாளிகளின் உணவுக்காக 2018 முதல் மாதம் 500 ரூபாய் வழங்கத் தொடங்கி, 2024 நவம்பர் முதல் அதனை 1000 ரூபாயாக உயர்த்தியுள்ளது. இத்தொகை வங்கிக் கணக்கில் செலுத்தப்படுகிறது. இதைப் பெறுவதில் வெட்கம் ஏதுமில்லை. தமிழகத்தில் 2022 முதல், மிக மெலிந்தும் மூச்சுத் திணறியும் வரும் நோயாளிகளைத் தொடக்கத்திலேயே இனங்கண்டு மருத்துவமனையில் சேர்த்துப் பேணும் திட்டமும் நடைமுறையில் உள்ளது. வீட்டுச் சிகிச்சை பெரும்பாலோருக்குப் போதும் என்றாலும், இத்தகையோருக்குப் படுக்கை அவசியம்.

இல்லத்தார் செய்ய வேண்டியவை

இரண்டு வாரங்களுக்கு மேல் இருமல், மாலைக் காய்ச்சல், உடல் மெலிவு, சளியில் இரத்தம் ஆகியவற்றுள் எதனைக் கண்டாலும் உடனே அரசு மருத்துவமனையிலோ ஆரம்ப சுகாதார நிலையத்திலோ சளியைப் பரிசோதியுங்கள். பரிசோதனையும் மருந்தும் அங்கே இலவசம்.

நோய் உறுதியானால் வீட்டிலுள்ள அனைவரும் பரிசோதனை செய்துகொள்ளுங்கள். சிறு குழந்தைகளுக்கு நோய் இல்லையென்று தெரிந்த பின்னர்த் தடுப்பு மருந்து உண்டு. மருத்துவரைக் கேட்டுக் கொடுங்கள். நோயாளி வாயை மூடி இருமட்டும். முதல் சில வாரங்கள் குழந்தையைத் தூக்கும்போது முகக்கவசம் அணியட்டும். சன்னல்களைத் திறந்து வையுங்கள்.

வழக்கமான காசநோய்க்கு ஆறு மாத மருந்து. இரண்டு மாதத்தில் இருமல் நின்று உடலும் தேறிவிடும். பலர் மருந்தை நிறுத்துவது அப்போதுதான். இடையில் நிறுத்தினால் நோய் திரும்புவதோடு, கிருமி மருந்துக்கு அடங்காததாகவும் மாறக்கூடும். சிறுநீர் செம்மஞ்சளாகப் போவது மருந்தின் நிறமே, அஞ்ச வேண்டாம். ஆனால் கண் மஞ்சளானாலோ வாந்தி தொடர்ந்தாலோ தாமதியாது மருத்துவரிடம் செல்லுங்கள்.

ரமளான் மாதத்தில் பலருடைய மருந்து தடைப்படுகிறது. நோயாளி நோன்பை விட்டுப் பின்னர்க் களாச் செய்து கொள்ள மார்க்கம் அனுமதி அளித்திருக்கிறது. உடல் நன்கு தேறியவருக்கு மருந்து வேளையை ஸஹருக்கோ இஃப்தாருக்கோ மாற்றலாமா என்பதை மருத்துவரிடம் கேட்டு முடிவு செய்யுங்கள். நாமாக ஒரு மாதம் மருந்தை விட்டுவிடுவது பேணுதல் ஆகாது.

இனி எந்த மருத்துவச் செய்தி காதில் விழுந்தாலும் மூன்று கேள்விகளைக் கேளுங்கள். யாரை யாரோடு ஒப்பிட்டார்கள்? எத்தனை பேரை ஒப்பிட்டார்கள்? எவ்வளவு காலம் பின்தொடர்ந்தார்கள்? விடையில்லாத செய்தியை நம்பி மருந்தை நிறுத்தாதீர்கள். அடுத்தவருக்கும் அதனைப் பரப்பாதீர்கள்.

மருத்துவம் செய்துகொள்ளுமாறு நமக்குக் கற்பித்தவர்கள் பெருமானார் (ஸல்) அவர்கள். நோயாளியைச் சென்று காண்பதை ஒரு முஸ்லிம் மற்றொரு முஸ்லிமுக்குச் செய்ய வேண்டிய கடமையாக்கியவர்களும் அவர்களே. தாய்வீட்டுக்கு அனுப்பிய மருமகள் உங்கள் இல்லத்தில் இருந்தால், இவ்வாரமே சென்று அழைத்து வாருங்கள். அவளை உங்கள் ஸஹனில் உடன் அமர்த்தி உண்ணுங்கள். மாத்திரை வேளையை நினைவூட்டும் பொறுப்பை மாமியாரே ஏற்கட்டும். மருந்து நோயைத் தீர்க்கும். அந்த அரவணைப்பு மருந்தை ஆறு மாதமும் தொடரச் செய்யும்.

நோயுற்றோர் அனைவருக்கும் அல்லாஹ் பூரண ஷிஃபாவை அருள்வானாக! ஆமீன். இன்ஷா அல்லாஹ், அடுத்த இதழில் சந்திப்போம். வஸ்ஸலாம்.