ஸ்கை தீவிலிருந்து வந்த டாக்டரம்மா



பழைய வண்ணாரப்பேட்டை ஜி.ஏ. ரோட்டில் இருக்கும் ரெய்னி ஆஸ்பத்திரியை நம் பக்கத்து ஜனங்களுக்கு அறிமுகப்படுத்த வேண்டியதில்லை. ராயபுரத்தில் பாதிப் பேர் அங்கே பிறந்தவர்கள், மீதிப் பேர் ஆர்.எஸ்.ஆர்.எம். ஆஸ்பத்திரியில் பிறந்தவர்கள் என்று சொன்னால் கொஞ்சம்தான் மிகை. ஆனால் அந்தப் பெயருக்குரிய கிறிஸ்டினா ரெய்னி அங்கே வைத்தியம் பார்த்தவர் அல்லர். ஸ்காட்லாந்தில் ஃப்ரீ சர்ச் திருச்சபையின் பெண்கள் மிஷன் வேலைகளை முன்னின்று நடத்தியவர். ஆஸ்பத்திரியை உண்டாக்கிய டாக்டரின் பெயர் அலெக்சாண்ட்ரினா மட்டில்டா மக்ஃபெயில். இந்த மாதம் அவரையும் அவர் பிறந்த மண்ணையும் பற்றிக் கொஞ்சம் பேசலாம்.

ஸ்காட்லாந்தின் மேற்குக் கடலோரம் உள்ள ஸ்கை தீவில் 1860இல் பிறந்தார். அப்பா ஃப்ரீ சர்ச் போதகர். அந்தச் சபை உருவானதே ஒரு வெளிநடப்பில்தான். ஊருக்குப் போதகரை நியமிக்கும் உரிமை நிலப்பிரபுக்கள் கையில் இருக்கக் கூடாது என்று 1843இல் 450க்கும் மேற்பட்ட போதகர்கள் அரசுத் திருச்சபையை விட்டு வெளியேறினார்கள். சம்பளம் போயிற்று, குடியிருந்த வீடும் போயிற்று. கோயில் கட்ட இடம் தர மறுத்த பண்ணையார்கள் இருந்ததால் பல ஊர்களில் வெட்டவெளியில் ஆராதனை நடந்தது.

தீவு ஜனங்களின் பாடு அதைவிட மோசம். துண்டு நிலம், உருளைக்கிழங்கு, மீன்பிடி. 1846இல் கிழங்கில் நோய் விழுந்ததும் பட்டினி. ஆடு வளர்க்க நிலம் வேண்டுமென்று குடியானவர்களைப் பண்ணையார்கள் விரட்ட, எத்தனையோ குடும்பங்கள் கப்பலேறின. 1882இல் பிரேஸ் என்ற இடத்தில், கிளாஸ்கோவிலிருந்து வந்த போலீஸ்மீது ஆண்களோடு பெண்களும் கல்லெறிந்தார்கள். மறு வருஷம் அரசு ஒரு விசாரணைக் கமிஷன் போட்டது. அதற்குத் தலைவர் நேப்பியர் பிரபு. ஆமாம், 1866 முதல் 1872 வரை சென்னை கவர்னராக இருந்த, நம் நேப்பியர் பாலத்து நேப்பியரேதான்! 1886இல் வந்த சட்டம் குடியானவர்களை இஷ்டத்துக்கு வெளியேற்றுவதைத் தடுத்தது. மட்டில்டாவுக்கு அப்போது 26 வயது. கடலையும் கையளவு மண்ணையும் நம்பிப் பிழைப்பவர்களை அவர் காசிமேட்டுக் கரையில்தான் முதன்முதலாகப் பார்த்தார் என்று சொல்ல முடியாது.

டாக்டருக்குப் படிக்க அவர் லண்டனுக்குப் போக வேண்டியிருந்தது. எடின்பரோவில் மருத்துவம் படிக்க வந்த பெண்கள்மீது 1870இல் சேற்றை வாரி வீசியிருந்தார்கள். வழக்குப் போட்டும் பல்கலைக்கழகம் பட்டம் தரவில்லை. அதனால் 1874இல் லண்டனில் பெண்களுக்கென்றே ஒரு மருத்துவப் பள்ளி தொடங்கினார்கள். அடுத்த ஆண்டே, 1875இல், சென்னை மருத்துவக் கல்லூரி மேரி ஷார்லீப் உள்பட நான்கு பெண்களைச் சேர்த்துக்கொண்டது. எடின்பரோ சேறு வீசிய ஐந்தாவது வருஷம் சென்னை கதவைத் திறந்துவிட்டது. இதை நாம் இன்னும் உரக்கச் சொல்லிக்கொள்ளலாம். ஷார்லீப் 1885இல் சென்னையில் பெண்களுக்கான கோஷா ஆஸ்பத்திரியைத் தொடங்கி, 1887இல் உடல்நலம் கெட்டு இங்கிலாந்து திரும்பினார்.

1888இல் மட்டில்டா சென்னைக்கு வந்து சேர்ந்தார். ஆண் டாக்டரிடம் நாடி பிடிக்கக்கூடக் கையை நீட்டாத பெண்கள் எல்லா மதத்திலும் இருந்த காலம். கஞ்சித்தொட்டி ஆஸ்பத்திரி இருந்தது, நம் ஸ்டான்லியின் முன்னோடி. பெண் டாக்டர்தான் அபூர்வம். வசித்த பங்களாவிலேயே மருந்து கொடுக்க ஆரம்பித்து, சில படுக்கைகளையும் போட்டார். மருந்தோடு வேத வசனமும் கேட்க வேண்டியிருந்தது என்பதை மறைப்பதற்கில்லை. மிஷன் ஆஸ்பத்திரிகள் அப்படித்தான். பெரும்பாலோர் இரண்டையும் வாங்கிக்கொண்டு, தங்களுக்கு வேண்டியதை மட்டும் வைத்துக்கொண்டிருப்பார்கள் என்று நினைக்கிறேன்.

சொந்தக் கட்டடத்தில் ரெய்னி ஆஸ்பத்திரி 1914இல் திறந்தது. பங்களாவிலிருந்து கட்டடத்துக்கு வர 26 வருஷம்! அதே ஆண்டு உலகப் போர் மூண்டது. ஐம்பதைத் தாண்டிய டாக்டரம்மா ஸ்காட்லாந்துப் பெண்களின் மருத்துவக் குழுவில் சேர்ந்து போர்க்கால சேவைக்கும் போனார். பிறகு சென்னைக்குத் திரும்பி வேலையைத் தொடர்ந்தார். 1946இல் காலமானார்.

அவர் கூடவே நின்ற நர்சுகள், கம்பவுண்டர்கள், ஆயாக்கள், தமிழில் பேசிப் புரியவைத்தவர்கள் எல்லோரும் இந்தத் தெருக்களைச் சேர்ந்தவர்களாகத்தானே இருந்திருப்பார்கள்? உங்கள் பாட்டியோ கொள்ளுப்பாட்டியோ அங்கே வேலை பார்த்திருந்தால், வீட்டில் சொல்லக் கேட்டதை எழுதி அனுப்புங்கள். பழைய போட்டோ இருந்தால் நகல் போதும், அசலைத் தபாலில் போட்டுவிடாதீர்கள். ஒன்றிரண்டு கடிதம் வந்தாலும் அடுத்த இதழில் இடம் ஒதுக்கிவிடுகிறேன்.

அன்புடன்,
ஆசிரியர்