பனியனில் அச்சடிச்ச ஊர்

2016-ல டி.என்.பி.எல். ஆரம்பிச்சப்ப எட்டு அணி. கடலூர், சிதம்பரம் பேர்ல ஒண்ணு கூட இல்ல. சரி, அதுவும் நம்மள மாதிரி சின்ன ஊர்தானேன்னு காரைக்குடி காளைக்குக் கை தட்டினேன். 2021-ல பார்த்தா அது திருப்பூர் தமிழன்ஸ்! முதல் கோப்பை ஜெயிச்ச தூத்துக்குடி அணியும் சேலத்துக்குப் போயிடுச்சு. காசு போட்டவருக்கு ஊர்ங்கறது பனியன்ல அச்சடிக்கிற பேர். ரசிகனுக்கு அப்படி இல்லையே!

ஐ.பி.எல். 2023-27 ஒளிபரப்பு உரிமை மட்டும் 48,390 கோடி. வாரியத்துக்கு வர்ற காசுல மாநில சங்கங்களுக்கும் பங்கு உண்டு. அதுல கொஞ்சம் எடுத்து எங்க பக்கம் டி.என்.பி.எல். தரத்துல ஒரு மைதானம் போடுங்க. வருஷத்துக்கு ரெண்டே மேட்ச் நடத்துங்க. கூட்டம் வரலைன்னா அப்புறம் பேசலாம். அணி ஊர் மாறிடும், மைதானம் எங்கயும் ஓடாது.

என்ன மக்களே, நான் சொல்றது சரிதானே?