பட்டினி கிடப்பவர் ஆட்டம் பார்க்கலாகாதா?

சாலைக் கடைத்தெருவில் பாத்திரக் கடையொன்றில் வேலை பார்க்கும் தோழர் ஒருவர், சென்ற கிளைக் கூட்டம் முடிந்ததும், மடித்து வைத்திருந்த நாளிதழ்த் துண்டொன்றை என்னிடம் நீட்டினார். ஞாயிறு இணைப்பில் வந்த கட்டுரை. விடுமுறை நாளில் குடும்பத்தோடு ஊர் சுற்றிப் பார்ப்போர் நுழைவுச்சீட்டில் பணத்தை மிச்சப்படுத்துவது எப்படி என்று அதில் பல வழிகள் சொல்லப்பட்டிருந்தன. பிள்ளைகள் இருவருக்கும் தேர்வு முடிகிறது. ஒருநாள் எங்கேனும் அழைத்துச் செல்வதாக அவர் வாக்களித்திருக்கிறார். “தோழர், நீங்கள் மொழிபெயர்ப்பாளர்தானே? இதைக் கொஞ்சம் மொழிபெயர்த்துச் சொல்லுங்கள். இதில் எந்த வழி எனக்கு?” என்று கேட்டார். கட்டுரை தமிழில்தான் இருந்தது.

வாசித்துப் பார்த்தேன். வார நாள்களில் சென்றால் கட்டணம் குறைவு என்றது முதல் வழி. அவருக்கு வாரத்தில் கிடைப்பது ஞாயிறு ஒன்றே. செவ்வாய்க்கிழமை சென்றால் சீட்டில் மிச்சமாவதைவிட மிகுதியாகக் கூலியில் பிடித்துவிடுவார்கள். ஒரு மாதம் முன்னதாகப் பதிவு செய்க என்றது அடுத்தது. அடுத்த மாதம் எந்த நாளில் தமக்கு ஓய்வு என்பதை அறிந்தவர் அவரல்லர், அவருடைய முதலாளி. குறிப்பிட்ட வங்கியின் கடன் அட்டையில் செலுத்தினால் தள்ளுபடி. ஆண்டு முழுமைக்கும் ஒரே சீட்டாக வாங்கினால் ஆதாயம். ஆண்டுக்கு ஒருமுறை போகவே வழியற்றவருக்கு ஆண்டுச் சீட்டு எதற்கு? வீட்டிலிருந்து உணவு கொண்டு செல்க என்ற ஒன்றுமட்டும் அவருக்கு உகந்ததாக இருந்தது. ஆனால் தனியார் பொழுதுபோக்குப் பூங்காக்கள் பலவற்றில் சோற்றுப் பொட்டலத்தை வாயிலிலேயே வாங்கி வைத்துவிடுகிறார்கள்.

எழுதியவர் கெட்ட எண்ணத்தோடு எழுதியிருக்கமாட்டார். ஆனால் அவர் மனக்கண்ணில் இருந்த வாசகர், நேரத்தை விருப்பப்படி மாற்றிக்கொள்ளவும், பணத்தை முன்கூட்டியே கட்டிவைக்கவும் இயன்றவர். தள்ளுபடி என்பது வானத்திலிருந்து பொழிவதன்று. காலியாகக் கிடக்கும் செவ்வாய்க்கிழமை இருக்கையை நிரப்புவதற்காகக் குறைக்கப்படும் தொகை, ஞாயிற்றுக்கிழமையன்றி வேறு நாளில் வரவியலாதவரிடம் கூட்டிப் பெறப்படுகிறது. பட்டியல் விலையை முதலில் உயர்த்தி வைத்து, பிறகு ஆளைப் பார்த்து இறக்குவதே இதன் சூத்திரம். இந்தச் சல்லடையின் வழியே கீழே நழுவி விழுபவர் எப்போதும் ஒரே வகுப்பினராக இருப்பது தற்செயலா?

தனியார் செய்வதை அரசும் செய்யத் தொடங்கிவிட்டது. மாமல்லபுரத்தில் இந்தியத் தொல்லியல் துறையின் நுழைவுக் கட்டணம் 2016இல் 10 ரூபாயிலிருந்து 30 ரூபாயாயிற்று. 2018இல் 40 ரூபாயாயிற்று. அப்போதே, ரொக்கமின்றிச் செலுத்துவோருக்கு 5 ரூபாய் குறைவு என்று அறிவித்தார்கள். அதாவது, கைப்பேசியில் பணம் செலுத்துபவர் 35 ரூபாயும், முந்தானையில் முடிந்த நோட்டை அவிழ்த்துக் கொடுக்கும் மூதாட்டி 40 ரூபாயும் தரவேண்டும். ஐந்து ரூபாய்தானே என்பீர்கள். எவரிடமிருந்து எவருக்குப் போகும் ஐந்து ரூபாய் என்பதே கேள்வி. வண்டலூர் உயிரியல் பூங்காவில் பெரியவர்களுக்கான கட்டணம் 2023இல் 115 ரூபாயிலிருந்து 200 ரூபாயாக உயர்த்தப்பட்டது. கோயில்களின் சிறப்புத் தரிசன வரிசையைப் பற்றித் தனியே சொல்லவேண்டியதில்லை. கடவுளிடம் விரைந்து செல்வதற்கும் சீட்டு விற்கிற நாடு இது. பொழுதுபோக்குப் பூங்காக்களில் கூடுதல் பணம் கொடுத்தவரை வரிசையில் முன்னே விடும் முறையை யாரிடமிருந்து கற்றார்களோ, தெரியவில்லை.

ஆயினும் பொதுத்துறைக்கும் தனியாருக்கும் இடையே இன்னமும் பெரிய வேறுபாடு உண்டு என்பதை மறத்தலாகாது. அருங்காட்சியகம், உயிரியல் பூங்கா, தேசியப் பூங்கா, பாதுகாக்கப்பட்ட நினைவுச் சின்னம் ஆகியவற்றின் நுழைவுச்சீட்டுக்கு ஜிஎஸ்டி இல்லை. தனியார் பொழுதுபோக்குப் பூங்காவின் சீட்டுக்கு 2017இல் 28 விழுக்காடும், 2018 ஜனவரிக்குப் பின் 18 விழுக்காடும் விதித்தார்கள். எனவே உழைப்பாளிக்கு உண்மையில் பணத்தை மிச்சப்படுத்தும் வழி, அந்தக் கட்டுரையில் இல்லாத வழிதான்: மக்கள் பணத்தில் எழுந்த இடங்கள் மக்களுக்கு மலிவாகவே கிடைக்கவேண்டும் என்று போராடுவது.

இங்கேதான் நம் அணிகளுக்குள்ளிருந்தே ஒரு குரல் எழுகிறது. சோற்றுக்கும் கூலிக்குமே போராட்டமாக இருக்கையில், வேடிக்கை பார்ப்பதற்கான சீட்டு விலை ஒரு பிரச்சினையா, இது நடுத்தர வர்க்கத்தின் கவலையல்லவா என்கிறார்கள். அன்றைய கூட்டத்திலேயே மூத்த தோழர் ஒருவர் சிரித்துக்கொண்டே இதைச் சொன்னார். அவர்மேல் எனக்கு மிகுந்த மதிப்புண்டு. எனினும் இந்தக் கருத்து எங்கே கொண்டுபோய் விடும் என்பதைத் திருவனந்தபுரம் ஏற்கெனவே கண்டிருக்கிறது.

2023 ஜனவரி 15. காரியவட்டம் விளையாட்டரங்கில் இந்தியா, இலங்கை அணிகளின் ஒருநாள் ஆட்டம். சீட்டு விலை 1,000 ரூபாய், 2,000 ரூபாய். அதன்மேல் 18 விழுக்காடு ஜிஎஸ்டி. அதற்கும் மேல், 5 விழுக்காட்டிலிருந்து 12 ஆக உயர்த்தப்பட்ட மாநகராட்சியின் கேளிக்கை வரி. எதிர்ப்பு எழுந்தது. வரியைக் குறைத்தால் என்ன என்று கேட்டபோது, இடது ஜனநாயக முன்னணி அமைச்சரவையின் விளையாட்டுத்துறை அமைச்சர் வி. அப்துரஹிமான், பட்டினி கிடப்பவர்கள் ஆட்டம் பார்க்கப் போகவேண்டியதில்லை என்ற பொருளில் பதில் சொன்னார்.

அந்த வாக்கியத்தை மலையாளத்திலிருந்து தமிழாக்க எனக்கு உழைப்பே தேவைப்படவில்லை. ‘பட்டினி’ இரு மொழியிலும் பட்டினியே.

அவர் தரப்பு வாதத்தையும் நேர்மையாகச் சொல்லிவிட வேண்டும். முந்தைய ஆட்டத்தின்போது வரியைக் குறைத்தும் அதன் பயன் மக்களைச் சென்றடையவில்லை, அமைப்பாளர்களே விழுங்கிவிட்டார்கள் என்றார் அவர். கிரிக்கெட் வாரியத்தின் பேராசையைப் பற்றி அவர் சொன்னதில் பிழையில்லை. அப்படியானால் செய்யவேண்டியது என்ன? வரியைக் குறைப்பதற்கு ஈடாக விலைக்கு உச்சவரம்பு விதித்திருக்கலாம். அரங்கின் ஒரு பகுதியைச் சிறு கட்டணத்துக்கு ஒதுக்கவேண்டும் என்று நிபந்தனை போட்டிருக்கலாம். அந்த அரங்கு நிற்பது கேரளப் பல்கலைக்கழகத்தின் நிலத்தில். 2015ஆம் ஆண்டின் 35ஆவது தேசிய விளையாட்டுப் போட்டிகளுக்காகத் தனியார் பங்கேற்புடன் எழுப்பப்பட்டது. பொது நிலத்தின் மேல் நின்றுகொண்டு பேரம் பேச அரசுக்கு எல்லா வலிமையும் இருந்தது. வாரியத்தின் மேல் பாயவேண்டிய சினம், ஏழையின் மேல் பாய்ந்தது.

அன்று இந்தியா 317 ரன் வேறுபாட்டில் வென்றது. ஒருநாள் ஆட்ட வரலாற்றில் அதற்குமுன் எவரும் அவ்வளவு பெரிய ரன் வேறுபாட்டில் வென்றதில்லை. கோலி ஆட்டமிழக்காமல் 166 ரன் எடுத்தார். இருக்கைகளில் பாதிக்குமேல் காலி. ஒருநாள் கிரிக்கெட் செத்துக்கொண்டிருக்கிறதா என்று யுவராஜ் சிங் வருந்திக் கேட்டார். தொடர் ஏற்கெனவே முடிவாகிவிட்டிருந்தது, சபரிமலையில் மகரவிளக்குக் காலம் என்பனவும் காரணங்களே. அன்று பொங்கல், கரமனையிலும் சாலையிலும் நம் வீடுகளில் பானை பொங்கிக்கொண்டிருந்தது. எல்லாவற்றையும் கழித்துப் பார்த்தாலும், ‘வரவேண்டாம்’ என்றவரின் சொல்லை மக்கள் அப்படியே ஏற்றுக்கொண்டார்கள் என்பது மிஞ்சுகிறது. தோழர் பன்னியன் ரவீந்திரன் இதை வெளிப்படையாகவே கண்டித்தார். முன்னணிக்குள்ளிருந்தே அந்தக் குரல் எழுந்தது ஆறுதல்.

இதற்கு நான்கு மாதம் முன்பு, 2022 செப்டம்பரில், தமிழ்நாட்டின் அமைச்சர் பொன்முடி பேருந்தில் கட்டணமின்றிச் செல்லும் பெண்களை நோக்கி ‘ஓசி’ என்ற சொல்லை வீசினார். கர்நாடகத்தில் 2023 ஜூனில் ‘சக்தி’ திட்டம் வந்து, பெண்கள் கூட்டம் கூட்டமாகக் கோயில்களுக்கும் சுற்றுலா இடங்களுக்கும் சென்றபோது, இதற்காகவா வரிப்பணம் என்று நகைத்தவர்கள் பலர். வேலைக்குப் போனால் சரி, ஊர் பார்க்கப் போனால் குற்றம்! அடுப்படியை விட்டு ஒருநாள் வெளியே வந்த பெண்ணின் மகிழ்ச்சியை இவர்களால் பொறுக்க இயலவில்லை.

இனி, இன்னொரு நாட்டில் நடந்ததைப் பாருங்கள். 1936இல் பிரான்சில் மக்கள் முன்னணி ஆட்சிக்கு வந்தது. ஆலைகளில் பெரும் வேலைநிறுத்தங்கள். அவற்றின் விளைவாக வாரத்துக்கு 40 மணிநேர வேலையும், இரண்டு வாரச் சம்பளத்துடன் கூடிய விடுமுறையும் சட்டமாயின. அரசு அத்தோடு நிற்கவில்லை. விடுமுறை இருந்தும் போக வழியில்லை எனில் தொழிலாளி என்ன செய்வான்? ஓய்வுக்கும் விளையாட்டுக்கும் பொறுப்பேற்றிருந்த லியோ லாகிராஞ்ச், தொழிலாளர்க்கு ரயில் கட்டணத்தில் 40 விழுக்காடு குறைத்த விடுமுறைச் சீட்டை ஏற்படுத்தினார். அந்தக் கோடையிலேயே லட்சக்கணக்கானோர் அச்சீட்டோடு புறப்பட்டார்கள். அவர்களுள் பலர் கடலை அப்போதுதான் முதன்முதலாகக் கண்டார்கள். வலதுசாரிகள் லாகிராஞ்சைச் ‘சோம்பேறித்தனத்தின் அமைச்சர்’ என்று ஏசினார்கள்.

அங்கே ஏளனம் செய்தவர்கள் வலதுசாரிகள். சீட்டைக் கொடுத்தது இடதுசாரி அரசு. காரியவட்டத்தில் நிகழ்ந்ததை இதனருகே வைத்துப் பார்த்தால் எனக்கு வெட்கமாக இருக்கிறது.

லாகிராஞ்சின் சீட்டும் தள்ளுபடிதான் என்று யாரேனும் மடக்கலாம். அது வாங்குபவரின் சாமர்த்தியத்துக்குக் கிடைத்த பரிசன்று. தொழிலாளி என்ற காரணத்தாலேயே, போராடிப் பெற்ற விடுமுறையின் தொடர்ச்சியாகக் கிடைத்தது. தமிழில் நாம் இரண்டையும் ‘சலுகை’ என்ற ஒரே சொல்லால் குறித்துவிடுகிறோம். மேலே இருப்பவர் மனமிரங்கிக் காட்டும் பட்சபாதம் என்ற மணம் அச்சொல்லில் இருக்கிறது. கட்சி ஆவணங்களை மொழிபெயர்க்கையில் ஒவ்வொரு முறையும் இதில் நான் தடுக்கி விழுகிறேன்; சரியான மாற்று இன்னும் அகப்படவில்லை. ‘கேளிக்கை வரி’யும் அப்படியே. கேளிக்கை என்றதுமே அது வேண்டாத ஒன்று, வரி போட்டால் தகும் என்று தோன்றிவிடுகிறது.

அரசியலமைப்புச் சட்டத்தின் 43ஆவது பிரிவு, தொழிலாளர்க்கு வாழ்வதற்கேற்ற கூலியோடு, ஓய்வை முழுமையாகத் துய்ப்பதற்கும் சமூக, பண்பாட்டு வாய்ப்புகளைப் பெறுவதற்கும் அரசு முயலவேண்டும் என்கிறது. கூலியும் ஓய்வும் அங்கே ஒரே வாக்கியத்தில் இருக்கின்றன. 1923இல் சென்னைக் கடற்கரையில் சிங்காரவேலர் நாட்டின் முதல் மே தினத்தைக் கொண்டாடியபோது அதன் பின்னணியில் இருந்ததும் எட்டுமணி நேர வேலைக் கோரிக்கையே. எஞ்சிய நேரம் உறங்குவதற்கு மட்டுமன்று. அதன் நூற்றாண்டான 2023இல், ஏப்ரல் மாதம், 12 மணிநேர வேலைக்கு வழிவகுக்கும் சட்டத் திருத்தம் தமிழ்நாட்டுச் சட்டமன்றத்தில் நிறைவேறியதும், தொழிற்சங்கங்களின் எதிர்ப்பால் மே 1 அன்று திரும்பப் பெறப்பட்டதும் நினைவிருக்கும். நேரத்தைப் பறிக்கிறவனோடு மோதத் தயங்காத நாம், அந்த நேரத்தைக் கழிக்கும் இடத்தின் வாயிலில் நிற்கும் கட்டணத்தைக் கண்டால் ஏன் வாய் மூடிக்கொள்கிறோம்?

கேரளத்தில் நம் கையில் நல்ல முன்மாதிரிகளே இல்லாமலில்லை. அரசுப் போக்குவரத்துக் கழகம் 2021 நவம்பரில் தொடங்கிய மலிவுச் சுற்றுலாப் பயணங்களில், தனியார் வண்டி அமர்த்த வழியில்லாத குடும்பங்கள் மலக்கப்பாறையும் மூணாறும் கண்டு வந்தன. சங்குமுகம் கடற்கரையில் கானாயி குஞ்ஞிராமன் படைத்த சாகரகன்னியைக் காண யாரும் சீட்டு வாங்கவேண்டியதில்லை. நேப்பியர் அருங்காட்சியக வளாகத்து மரநிழலும் அப்படியே. ஆனால் அதே வளாகத்தில் மிருகக்காட்சி சாலைக்கு ஒரு சீட்டு, அருங்காட்சியகத்துக்கு ஒன்று, ரவிவர்மாவின் ஓவியங்களுக்கு வேறொன்று. ஒவ்வொன்றும் சிறு தொகைதான். நான்கு பேருக்கு மூன்று வாயில் எனக் கூட்டிப் பார்க்கிறவருக்கு அது சிறு தொகையன்று.

பாத்திரக் கடைத் தோழர் கூட்டிப் பார்த்தார், அந்த நாளிதழ்த் துண்டின் ஓரத்திலேயே. பேருந்துக் கட்டணம், மூன்று வாயில்களின் சீட்டு, மதிய உணவு, பிள்ளைகளுக்கு ஆளுக்கொரு ஐஸ்கிரீம். பிறகு ரவிவர்மாவை அடித்தார். அதற்குப் பின் தம் பெயரையே அடித்தார். மனைவியும் பிள்ளைகளும் மிருகக்காட்சி சாலைக்குள் சென்று வரும்வரை தாம் வெளியே மரத்தடியில் உட்கார்ந்திருப்பதாகச் சொன்னார்.

அடுத்த கிளைக் கூட்டத்தின் நிகழ்ச்சி நிரலில் இதைச் சேர்க்குமாறு செயலாளரிடம் எழுதிக் கொடுத்திருக்கிறேன். வளாகம் முழுமைக்கும் குறைந்த விலையில் ஒரே குடும்பச் சீட்டு. மாதத்தில் ஒரு ஞாயிறு, செவ்வாயன்று, ஞாயிறு, அனைவருக்கும் கட்டணமின்றித் திறப்பு. ரொக்கமாகத் தருபவரிடம் எங்கும் ஒரு பைசாவும் கூடுதலாகப் பெறாமை. பொது நிலத்தில் நிற்கும் அரங்குகளில் ஒரு பகுதி இருக்கைகளுக்கு விலை வரம்பு. மூத்த தோழர் இம்முறையும் சிரிப்பார். அவருக்கும் ஒரு சீட்டு எடுத்து வைப்பதாகச் சொல்லியிருக்கிறேன்.