ரேமைச் சுருக்குறது ஏமாத்து வேலையா?

"நாலு ஜிபி ரேமா? தூக்கிப் போட்டுட்டுப் புதுசு வாங்குங்க சார்!"

2025 அக்டோபர்ல விண்டோஸ் 10-க்கான வழக்கமான ஆதரவு முடிஞ்சதுலேர்ந்து இந்த இலவச அறிவுரை தெருவுக்குத் தெரு கிடைக்குது. லினக்ஸ் போட்டுக்கலாமேன்னா ரேம் பத்தாதாம். இசட்-ரேம் இருக்கேன்னா, "ரேமுக்குள்ளயே ஸ்வாப்பா? சட்டைப் பையிலேர்ந்து எடுத்து பேன்ட் பையில போட்டா பணக்காரன் ஆயிடுவியா?"ன்னு நக்கல் வேற. நக்கல் பிரமாதம். கணக்குதான் உதைக்குது.

ரேம் நிறைஞ்சா, ரொம்ப நேரமா யாரும் தொடாத பக்கங்களை லினக்ஸ் டிஸ்குக்குத் தள்ளும். ஒரு பக்கம் 4 கேபி. பழைய லேப்டாப்ல இருக்கறது சுத்தற டிஸ்க். அதுல ஒரு பக்கத்தைத் தேடி எடுக்க 10 மில்லிசெகண்ட் பக்கம் ஆகும். மவுஸ் உறைஞ்சு நிக்கறது அப்பதான். இசட்-ரேம் அந்தப் பக்கத்தைச் சுருக்கி ரேம்லயே வச்சுக்கும். விரிச்சுக் குடுக்க சில மைக்ரோசெகண்ட் போதும். ஏறக்குறைய ஆயிரம் மடங்கு வித்தியாசம்!

சாதாரணமா பக்கங்கள் பாதியாவோ மூணுல ஒரு பங்காவோ சுருங்கும். 2 ஜிபி சரக்கு 1 ஜிபிக்குள்ள அடங்கினா மிச்சம் 1 ஜிபி லாபம். நக்கல் பண்றவங்க விட்ட கணக்கு இதான். "ப்ராசசருக்குச் சுமையாச்சே"ம்பாங்க. டிஸ்குக்காகக் கைகட்டி நிக்கறதுக்கு அது கொஞ்சம் வேலை பாத்தாத்தான் என்னவாம்?

சந்தேகத்துக்குக் காரணம் இல்லாம இல்ல. 1995-ல சாஃப்ட்ராம்95-னு ஒரு மென்பொருள் ரேமை ரெட்டிப்பாக்கறேன்னு சொல்லி வித்தாங்க. விண்டோஸ் 95-ல அது ஒண்ணுமே சுருக்கலை. அமெரிக்க அரசே நடவடிக்கை எடுத்துச்சு. ஆனா இசட்-ரேம் அப்படியில்லை. 2014-ல வந்த 3.14 கெர்னல்லேர்ந்து அதிகாரபூர்வமா உள்ள இருக்கு, மூலநிரலை யார் வேணா படிக்கலாம். ஃபெடோரா 2020-ல வந்த 33-ஆம் பதிப்புலேர்ந்து இதைத் தானாவே போட்டுக் குடுக்குது. ஆண்ட்ராய்டு போன்கள்லயும் இதே சமாச்சாரம்தான். மேக் 2013-லேர்ந்து நினைவகத்தைச் சுருக்குது. அட, நீங்க அழுது வழியனுப்பின விண்டோஸ் 10-உம் அதைத்தானே பண்ணுச்சு! :-)

ஏமாத்து வேலை பாக்கணுமா? போன் டப்பா மேல "8+8 ஜிபி"ன்னு கொட்டை எழுத்துல போடறாங்களே, அதைப் பாருங்க. அந்த ரெண்டாவது 8 பெரும்பாலும் உள்சேமிப்புலேர்ந்து வெட்டின ஸ்வாப். அதை யாரும் நக்கல் பண்றதில்ல.

இசட்-ரேம் மந்திரம் கிடையாது. ஏற்கெனவே சுருங்கின படமும் வீடியோவும் இன்னும் சுருங்காது. ஹைபர்னேட் பண்ண டிஸ்க் ஸ்வாப்தான் வேணும். வீடியோ எடிட்டிங்குக்கு நிஜ ரேம் வாங்கித்தான் ஆகணும். ஆனா ஒரு காலேஜ் புள்ளைக்கு ப்ராஜெக்ட் தட்டச்சவும், நாலு டேப் திறந்து படிக்கவும் அந்த 4 ஜிபி மெஷின் இன்னும் சில வருஷம் உழைக்கும். டெபியன், உபுண்டுல ஒரு சின்னப் பொதியை நிறுவினாப் போதும், செலவு சுழியம்.

காசு இருக்கறவங்க புதுசு வாங்கட்டும், யாரு வேணாங்கறா? இல்லாதவன்கிட்ட போய், ஓடற மெஷினைக் குப்பைன்னு சொல்லாதீங்க. மாத்துக் கருத்து இருந்தா பின்னூட்டத்துல வந்து கும்முங்க!