வண்டியைத் திருப்பித் தரும் நாள்

சொந்தமாக வண்டி வாங்கக் கையில் முதல் இல்லாத வியாபாரிகள், சரக்கு வண்டியை மூன்று அல்லது நான்கு ஆண்டுகளுக்குக் குத்தகை பேசி எடுப்பதுண்டு. வட்டிக்கு அஞ்சும் நம் சகோதரர்களிலும் சிலர் இவ்வழியை நாடுகின்றனர். மாதந்தவறாமல் வாடகை செலுத்தியவருக்கும் தவணை முடிந்து வண்டியை ஒப்படைக்கும் நாளில் ஒரு பட்டியல் காத்திருக்கிறது. டயர் தேய்மானம், கதவின் நசுங்கல், பேசியதற்கு மேல் ஓடிய கிலோமீட்டர், கடைப்பெயர் எழுதிய இடத்துக்கு மறுபூச்சு, காணாமற்போன ஜாக்கி, இரண்டாவது சாவி! கொடுத்து வைத்த முன்பணம் இவற்றிலேயே கரைந்துவிடும்.

எது தேய்மானம், எது சேதம் என்பதில்தான் தகராறு பிறக்கிறது. உக்கடம் மீன் சந்தைக்கு ஓடும் வண்டியும், திருப்பூரில் பனியன் மூட்டை ஏற்றும் வண்டியும் ஒரே நாளில் எடுக்கப்பட்டிருந்தாலும் ஒரே நிலையில் திரும்புவதில்லை. மீன் பெட்டியிலிருந்து வழியும் உப்புநீர் அடித்தகட்டை அரித்துத் தின்றுவிடும்.

வாடகைப் பொருள் எடுத்தவரிடம் அமானிதம் என்பதும், முறையான உபயோகத்தில் தேய்ந்ததற்கு அவர் ஈடு தர வேண்டியதில்லை, வரம்பு மீறியோ அலட்சியத்தாலோ கெட்டதற்கே பொறுப்பாளி என்பதும் ஃபிக்ஹு நூல்களின் இஜாரா பகுதியில் காணும் சட்டம். பிரிட்டனில் வாகனக் குத்தகை நிறுவனங்களின் சங்கம் இந்த வேறுபாட்டை விளக்கவே கையேடு வெளியிட்டிருக்கிறது. ஒப்படைப்பதற்குப் பத்துப் பன்னிரண்டு வாரங்களுக்கு முன்பே வண்டியைச் சோதித்துப் பழுது நீக்கிக்கொள்ள அது ஆலோசனை கூறுகிறது. நம் ஊர் ஒப்பந்தத்தில் "நல்ல நிலையில் ஒப்படைக்க வேண்டும்" என்ற ஒற்றை வரி மட்டும் இருந்தால், அதற்குப் பொருள் சொல்லும் அதிகாரம் முன்பணத்தைக் கையில் வைத்திருப்பவரிடம் போய்விடும். ஆகவே வண்டியை எடுக்கும் நாளிலேயே நாற்புறமும், அடித்தகடும், டயர்களும், ஓடிய கிலோமீட்டரும் தெரியப் படமெடுத்து, இரு தரப்பும் கையொப்பமிட்டு வைத்துக்கொள்ள வேண்டும். கூச்சப்படாதீர்கள், கடன் கொடுக்கல் வாங்கலை எழுதிக்கொள்ளுமாறு கட்டளையிடும் 2:282 வசனத்தை நாம் அறிவோம்.

கண்ணுக்குத் தெரியாத செலவுகளும் உள. குத்தகை வண்டியைக் கைவசம் வைத்திருப்பவரையே உரிமையாளர் என்கிறது 1988ஆம் ஆண்டு மோட்டார் வாகனச் சட்டத்தின் 2(30) பிரிவு. 2019ஆம் ஆண்டுத் திருத்தப்படி அதிகப் பாரத்துக்கு அபராதம் 20,000 ரூபாய். மிகையான ஒவ்வொரு டன்னுக்கும் மேலும் 2,000. ஓட்டுநர் சொல்லாமல் விட்ட அபராதங்கள் ஒப்படைக்கும் நாளில்தான் தலைகாட்டும். காலாண்டு வரியும் எஃப்.சி.யும் அந்த மாதத்தில் வந்து விழுந்தால் யார் செலவு என்பதையும் முன்னரே எழுதிவிடுங்கள்.

பதிவுச் சான்று உங்கள் பெயரில் இருந்தால் இன்னும் எச்சரிக்கை தேவை. விற்றுவிட்ட வண்டியாயினும், பதிவேட்டில் பெயர் மாறாதவரை விபத்து இழப்பீட்டுக்குப் பழைய பெயருக்குரியவரே பொறுப்பு என உச்ச நீதிமன்றம் 2018இல் தீர்ப்பளித்தது. எனவே ஒப்படைத்த தேதி, நேரம், கிலோமீட்டர் ஆகியவை குறித்த ரசீதை அங்கேயே வாங்கிக்கொள்ளுங்கள். பெயர் மாற்றப் படிவங்களிலும் அன்றே கையொப்பம் பெற்று, ஆர்.டி.ஓ. அலுவலகத்தில் பெயர் மாறும்வரை விடாமல் கேட்டுக்கொண்டிருங்கள்.