முதலில் பிரேக், பிறகு எஞ்சின்



பழைய ஸ்போர்ட்ஸ் காரின் எஞ்சினைக் கழற்றிவிட்டு, அதனினும் வலிய ஒன்றைப் பொருத்துவது பற்றி இரு சாரார் ஓயாது வாதிடுகின்றனர். மூலத்தைத் தொடுவதே குற்றம் என்பர் ஒரு சாரார். குதிரைத்திறன் கூடினால் போதும் என்பர் மறு சாரார். இரு சாராருமே கேட்க வேண்டிய கேள்வியைக் கேட்கவில்லை என்பேன். அந்த உடல் எதைத் தாங்கும் என்பதே அக்கேள்வி.

இங்கிலாந்தின் எம்.ஜி.பி. காரைப் பாருங்கள். 1962இல் வெளிவந்தபோது அதில் 1798 சி.சி. நான்கு சிலிண்டர் எஞ்சின் இருந்தது. ஏறத்தாழ 95 குதிரைத்திறன். 1967இல் அந்நிறுவனமே அதே உடலில் 2912 சி.சி. ஆறு சிலிண்டர் எஞ்சினைப் பொருத்தி, எம்.ஜி.சி. என்று பெயரிட்டது. திறன் 145 ஆயிற்று. ஆனால் அந்த வார்ப்பிரும்பு எஞ்சின் பழையதைவிடச் சுமார் 95 கிலோ கனமானது. முன்புறம் பாரமேறிய அக்கார் வளைவுகளில் திரும்பத் தயங்கிற்று. ஓட்டிப் பார்த்தோர் குறை கூறினர்; 1969இல் உற்பத்தி நின்றது.

பின்னர் கென் காஸ்டெல்லோ என்பவர் தம் பட்டறையில் அதே எம்.ஜி.பி.க்கு ரோவர் நிறுவனத்தின் அலுமினிய வி8 எஞ்சினைப் பொருத்திக் காட்டினார். 3528 சி.சி. கொள்ளளவு, எடையோ பழைய நான்கு சிலிண்டர் எஞ்சினுக்கு ஏறக்குறைய நிகர். 1973இல் தொழிற்சாலையும் அவ்வழியே சென்றது. அதன் திறன் 137 மட்டுமே, எம்.ஜி.சி.யைவிடக் குறைவு! எனினும் இன்று ஆர்வலர் பலர் தேடிச் செல்வது இதைத்தான். தொழிற்சாலை எஞ்சினோடு நிற்கவில்லை என்பதையும் கவனிக்க வேண்டும். முன் பிரேக் தட்டுகளைத் தடிமனாக்கிற்று. ரேடியேட்டருக்கு இரு மின்விசிறிகள் வைத்தது.

தனியார் பட்டறைகளில் பெரும்பாலும் தவறிப்போவது இந்த இடத்தில்தான். மணிக்கு 80 கி.மீ. வேகத்தில் செல்லும் கார் 160ஐ எட்டினால், பிரேக் அடக்க வேண்டிய ஆற்றல் இரு மடங்கன்று, நான்கு மடங்கு. எஞ்சினுக்குப் பணத்தையெல்லாம் கொட்டிவிட்டு, பிரேக்கைப் பின்னர் பார்த்துக்கொள்ளலாம் என்பதை நான் பொழுதுபோக்காகக் கருதமாட்டேன். எதிரே வருவோர் அந்த ஆசைக்குச் சம்மதம் தந்தவர்கள் அல்லரே!

மூலம் கெடுகிறது என்போருக்கும் ஒரு சொல். பெரிதும் மாற்றப்பட்ட வாகனம் தன் பழைய பதிவைத் தக்கவைக்கலாமா என்பதை அறியப் பிரிட்டனில் பல ஆண்டுகள் ஒரு மதிப்பெண் முறை இருந்தது. உடற்கூட்டுக்கு 5, ஸ்டியரிங், அச்சு போன்றவற்றுக்குத் தலா 2. எஞ்சினுக்கோ 1 மட்டுமே. எஞ்சின் மாறியதால் மட்டும் கார் வேறொன்றாகிவிடாது என்று அங்குள்ள அதிகாரிகளே கருதினர்.

ஆயினும் விற்கும்போது அதை மறைப்பவரை நான் ஆதரிக்கமாட்டேன். எஞ்சின் எண் மாறியதைப் பதிவேட்டில் திருத்தாமல், வாங்குபவரிடமும் சொல்லாமல் மூல விலை கேட்பது மோசடியே. சரக்கின் குறையை மறைத்து விற்பது பற்றி நம் வாசகர்களுக்கு நான் விளக்க வேண்டியதில்லை. கழற்றிய எஞ்சினை எண்ணெய் பூசிப் பத்திரப்படுத்தி, விற்கும் நாளில் காருடனேயே ஒப்படைப்போரும் இருக்கின்றனர். அவ்வாறு செய்தால், புதிய உரிமையாளர் விரும்பும்போது பழையதையே திரும்பப் பொருத்திக்கொள்ளலாம்.