வாட் கணக்கும் லயத்துச் சுவரும்

ஹற்றனை அண்டிய தோட்ட லயமொன்றில், புதிதாக வந்திறங்கிய ஸ்டீரியோ அம்பிளிபயரை அண்மையில் கேட்க நேர்ந்தது. தாளம் நெஞ்சில் அறைந்தது. பாடகரின் குரலோ இரைச்சலுக்குள் புதைந்துபோயிற்று. “1000 வாட், ஐயா!” என்றார் உரிமையாளர், பெருமிதத்துடன்.

பெட்டியில் அச்சிட்டிருந்தது பி.எம்.பி.ஓ. கணக்கு. கணநேர உச்சத்தைப் பெருக்கிக் காட்டும் விற்பனைத் தந்திரமான அதற்குப் பொதுவான அளவுகோலே கிடையாது. தொடர்ந்து தரக்கூடிய ஆற்றலைச் சொல்வது ஆர்.எம்.எஸ். அளவே. அதைக் கேட்டு வாங்குவோர் எத்தனை பேர்? ஆற்றலை இருமடங்காக்கினாலும் கூடுவது 3 டெசிபெல்தான். காதுக்கு இருமடங்காகக் கேட்க ஏறத்தாழ 10 மடங்கு ஆற்றல் வேண்டும். சம்பளப் பணத்தைக் கொட்டி நம்மவர்கள் வாங்குவது பெரும்பாலும் வெறும் இலக்கங்களையே.

“எங்கள் வீட்டில் நாங்கள் கேட்கிறோம்” என்பார்கள். லயத்தில் ‘எங்கள் வீடு’ எங்கே முடிகிறது? துரைமார் காலத்துக் காம்பராக்களில் ஒருவர் சுவரே அடுத்தவர் சுவர். அதற்கப்பால், விடிந்ததும் பெரட்டுக்குப் போகவேண்டிய தாய் உறங்குகிறாள். சாதாரண தரப் பரீட்சைக்குப் பிள்ளை படிக்கிறது.

இரவு 10 மணி முதல் காலை 6 மணி வரை ஒலிபெருக்கிக்கு அனுமதி வழங்கலாகாது என இலங்கை உயர் நீதிமன்றம் 2007 நவம்பரில் கட்டளையிட்டது. அடுத்த காம்பராவின் உறக்கத்தைக் காக்கவும் பொலிஸ்தான் வரவேண்டுமா?

காணியும் தனிவீடும் நமது நியாயமான கோரிக்கைகள். அவற்றுக்காக எவ்வளவு உரக்கவும் குரல் கொடுப்போம். அவை கைக்கு வரும்வரை, அந்த ஒற்றைச் சுவரை நினைத்தாவது சத்தத்தைக் குறைப்போம்.